தோள் கொடுத்தவர்



உத்தரப் பிரதேசத்து லொறிச் சாரதி ஒருவரின் மகன் ரிங்கு சிங். ஈட்டி எறிந்து பழகிய அவரது இடக்கரம் 2008இல் பந்தெறியும் போட்டியொன்றில் வென்றது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. முன்பு பேஸ்போலே ஆடியறியாதவர், 2009இல் அங்கு தொழில்முறை ஆட்டத்தில் வெற்றிகண்ட முதல் இந்தியரானார்.

முதலில் எறிந்தவர் களைத்ததும் இடையில் இறங்கி ஆட்டத்தைக் காப்பதே பெரும்பாலும் அவர் பணி. பின்னர் காயங்கள் தடுத்தன. உயர்மட்ட அணியை அவர் எட்டவில்லை. 2018இல் மல்யுத்தத்துக்கு மாறினார்.

ஹேவாஹெட்டத் தோட்டங்களிலும் அத்தகைய கரங்கள் உண்டு. உச்சியை எட்டியவனுக்கு மட்டும் மாலை சூட்டி, இடையில் தோள் கொடுத்தவனை நாம் மறந்தால், நாளை மைதானத்தில் இறங்குபவன் யார்? அவனையும் மேடையேற்றுவோம்.