மெலிந்த உடலும் மறைந்த கொழுப்பும்



2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு நிழற்படம் வெளியாயிற்று. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அதில் அருகருகே நின்றனர். உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவர்க்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்கிற்கு 21.2! தராசு காட்டாத வேற்றுமை இது.

இதன் வேர் கருவறையிலேயே உள்ளது. புனேயை அடுத்த சிற்றூர்க் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு யாக்னிக் குழுவினர் ஒப்பிட்டனர். நம் குழந்தைகள் எடை குறைந்தே பிறந்தன. ஆயினும் தசை குறைந்த அளவிற்குத் தோலடிக் கொழுப்புக் குறையவில்லை. பிற்காலத்தில் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பே இன்சுலினை முடக்கி, நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் ஒருசேர வழி திறக்கிறது.

அவ்வாறாயின் எல்லாம் குருதியின் விதியோ? அன்று. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினருள் வயதுவந்தோரில் 38 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. மெக்சிகோ மலைச்சிற்றூரில் உழுதுண்டு வாழ்ந்த அவர்தம் உறவினர்க்கோ ஏறத்தாழ 7 மட்டுமே இருந்தது. குலம் ஒன்று, வாழ்வு வேறு.

புலால் மறுத்த நம் இல்லங்களிலும் வெண்சோறு மிகுந்து நடை குறைந்தால் காவல் இல்லை. (திருவிழாப் பந்தியில் இதனைச் சொல்வது சற்றுக் கடினமே!) எடைக் குறியீடு 25 வரை கவலையில்லை என்பது ஐரோப்பியர்க்கு வகுத்த கணக்கு. ஆசியர்க்கு 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. வயிற்றுச் சுற்றளவில் ஆடவர்க்கு 90 சென்டிமீட்டர், மகளிர்க்கு 80. அளந்து பார்க்கத் தையல் நாடா ஒன்று போதும்.