மூன்றடி பின்னால் நின்று எடுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கேட்டவர்கள் பலர் எண்களைக் குறித்துக்கொள்ள விரும்பியதால் அவற்றை அப்படியே கொடுத்திருக்கிறேன்.)



கோடை விழா நெருங்குகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரிக்கரையில் கூட்டம், வீட்டுக்கு வீடு போட்டோ. இந்த நேரத்தில் லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். நான் சொல்லப்போவது ஒரே விஷயம்தான். எஃப் 1.8 போன்ற லென்ஸை வைத்துக்கொண்டு ஆட்களைப் படம் எடுக்கும்போது, கேமராவில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் உங்கள் காலை நகர்த்துங்கள். மூன்றடி பின்னால் போங்கள். ஏன் என்பதுதான் மீதிப் பேச்சு.

இதில் என்ன அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். நம் வீடுகளில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டால் அன்றைக்கே அவருடைய படத்தைத் தேடுகிறோம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒன்று, கூடத்தில் மாலை போட்டு மாட்ட ஒன்று. ஸ்டூடியோவுக்குப் போய்த் தனியாக எடுத்துக்கொண்ட படம் பலருக்கு இருக்காது. ஆதார் அட்டைப் படத்தை மாட்ட யாருக்கும் மனம் வராது. கடைசியில் ஏதோ ஒரு கல்யாணத்தில், ஏதோ ஒரு சுற்றுலாவில், பின் வரிசையில் நின்ற படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்குகிறோம். அந்த முகம் ஃபோகஸில் இல்லாவிட்டால்? வெளிச்சம் குறைந்திருந்தால் கம்ப்யூட்டரில் கூட்டலாம். நிறம் மாறியிருந்தால் திருத்தலாம். ஃபோகஸ் போனது போனதுதான். மங்கலான முகத்தைக் கூர்மையாக்கித் தரும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. ஆனால் அது தருவது அந்தச் செயலி ஊகித்த முகம். கண்ணோரத்துச் சுருக்கம் நம் அப்பாவுடையதாக இருக்காது.

இனி லென்ஸுக்கு வருவோம். ஜூம் ஆகாத, ஒரே பார்வைக் கோணம் உள்ள லென்ஸ்தான் பிரைம் லென்ஸ். அதிலும் வாய் அகலமாகத் திறந்து நிறைய வெளிச்சத்தை உள்ளே விடுவதை ஃபாஸ்ட் லென்ஸ் என்கிறார்கள். எஃப் எண் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. 50 எம்.எம். லென்ஸில் எஃப் 1.8 என்றால் 50-ஐ 1.8-ஆல் வகுங்கள். கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர், அதாவது பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் துளை. கேமராவோடு வரும் 18-55 ஜூம் லென்ஸ் 55-க்குப் போனால் எஃப் 5.6 தான். அதோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 சுமார் பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும் நம் மலையிலும், சில்வர் ஓக் நிழலில் இருண்டு கிடக்கும் காப்பித் தோட்டத்திலும் இது பெரிய வசதி. அதனால் லென்ஸைக் குறை சொல்ல நான் வரவில்லை.

‘என் செல்போனிலும் எஃப் 1.8 என்றுதான் போட்டிருக்கிறது, அதில் இந்தத் தொல்லை இல்லையே’ என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. செல்போன் லென்ஸின் குவியத் தூரம் ஆறு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆறை 1.8-ஆல் வகுத்தால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். மிளகைவிடச் சிறிய துளை. அதனால் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக விழும். போர்ட்ரெய்ட் மோடில் வரும் மங்கல் பெரும்பாலும் போன் கணக்குப் போட்டுத் தடவுவது. கலைந்த முடியையும் கண்ணாடிக் காம்பையும் சில சமயம் அது சேர்த்துத் தடவிவிடும்.

அகலத் துளைக்கு நாம் கொடுக்கும் விலைதான் தெளிவு ஆழம். டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பார்கள். ஃபோகஸ் செய்த இடத்துக்குச் சற்று முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக இருக்கும் என்பதே அது. நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில், 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8-ல் வைத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவு ஆழம் மொத்தமே 27 மில்லிமீட்டர். அதே எஃப் 1.8-ல் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் 11 சென்டிமீட்டர். மூன்று மீட்டரில் 25 சென்டிமீட்டர். ஐந்து மீட்டரில் 71 சென்டிமீட்டர்.

இந்த எண்களில் ஒரு பாடம் இருக்கிறது. எஃப் எண்ணை இரட்டித்தால் தெளிவு ஆழமும் இரட்டிக்கும், ஆனால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். தூரத்தை இரட்டித்தால் தெளிவு ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்காகும், வெளிச்சத்தில் ஒரு பைசா குறையாது. ஒன்று செலவு வைத்துத் தரும் வரவு. இன்னொன்று நடந்தால் கிடைக்கும் வரவு. எதை முதலில் எடுப்போம்?

‘தள்ளி நின்றால் முகம் சின்னதாகிவிடுமே’ என்பீர்கள். ஆகும். இரண்டு மீட்டரில், கேமராவை நிமிர்த்திப் பிடித்தால், தலையிலிருந்து இடுப்பு வரை அழகாக அடங்கும். முகம் மட்டும் வேண்டுமென்றால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டிப் பெரிதாக்கும்போது மங்கலும் பெரிதாகும். அதனால் அந்த 11 சென்டிமீட்டர் ஆழம் பாதியாகிவிடும். அப்படியும் ஐந்தரை சென்டிமீட்டர். ஒரு மீட்டரில் கிடைத்ததைப்போல் இரண்டு மடங்கு. கிட்டப் போனால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கித் தெரிவதும் இதில் குறையும்.

முகத்தின் அளவுகளை இதோடு வைத்துப் பாருங்கள். இரண்டு கண்களுக்கும் நடுவே 6 சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி. முகத்தை முப்பது டிகிரி திருப்பினால் ஒரு கண் மற்றதைவிட 3 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். ஒரு மீட்டரில் நமக்கு இருக்கும் மொத்த ஆழமே 27 மில்லிமீட்டர்தானே? ஒரு கண் தெளிவாகவும் ஒரு கண் மங்கலாகவும் வருவதற்குக் காரணம் இதுதான். அப்படித் திரும்பி உட்கார்ந்திருந்தால் கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். தூரக் கண் சற்று மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். கிட்டக் கண் மங்கினால் படமே கெட்டதாகத் தோன்றும்.

இன்னொரு பழக்கம். நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து, பட்டனைப் பாதி அழுத்தி, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைப்பது. பழைய கேமராக்காரர்கள் எல்லோருக்கும் இது கைவந்த வழக்கம். எஃப் 8-ல் ஒன்றும் ஆகாது. எஃப் 1.8-ல், ஒரு மீட்டரில், கேமராவைப் பத்து டிகிரி திருப்பினாலே தெளிவுத் தளம் கண்ணிலிருந்து 15 மில்லிமீட்டர் விலகும். நமக்கு முன்னும் பின்னும் இருப்பது பதின்மூன்றரை மில்லிமீட்டர்தான். கண் வெளியே போய்விட்டது. அதனால் ஃபோகஸ் புள்ளியையே கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். புதிய கேமராவில் கண்ணைத் தானே பிடிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். தொடர் ஃபோகஸ் வசதியையும் போடுங்கள். வயதானவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே சற்று முன்னும் பின்னும் ஆடுவார்கள். எடுக்கும் நாமும் ஆடுவோம்.

சினிமாக்காரர்கள் இந்தத் தொல்லையை நெடுங்காலமாகப் பார்த்தவர்கள். சேலத்திலிருந்து நம் மலைக்கு ஏறும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். சினிமாவில் ஃபோகஸுக்கென்றே ஓர் உதவியாளர் இருப்பார். நடிகரின் கண்ணிலிருந்து கேமரா வரை டேப் வைத்து அளப்பார், நடிகர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் குறி போடுவார். 1975-ல் வந்த ‘பாரி லிண்டன்’ படத்தில் ஸ்டான்லி குப்ரிக் சில காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம் நாசாவுக்காகச் செய்த 50 எம்.எம். எஃப் 0.7 லென்ஸ் அதற்குப் பயன்பட்டது. தெளிவு ஆழம் அவ்வளவு மெல்லியது என்பதால் நடிகர்கள் அதிகம் அசையாமல் உட்கார்ந்தே நடித்தார்கள். அவ்வளவு பெரிய படத்துக்கே வழி அதுதான் என்றால் நமக்கும் அதுவே. பெரியவரை முதுகு சாயும் நாற்காலியில் உட்கார வையுங்கள். சாய்ந்து உட்கார்ந்தவர் முன்னால் ஆடமாட்டார்.

அடுத்து, கூட்டுப் படம். சங்க விழாவில் முன்வரிசை நாற்காலி, பின்னால் நிற்பவர்கள், அதற்குப் பின்னால் பெஞ்சின் மேல் ஏறியவர்கள். முன்வரிசைக் கண்ணிலிருந்து பின்வரிசைக் கண் வரை ஒன்றரை மீட்டர் இருக்கும். ஐந்து மீட்டரில் நின்று எஃப் 1.8-ல் எடுத்தால் 71 சென்டிமீட்டர்தான். ஒரு வரிசையாவது கெடும். எஃப் 5.6 வைத்தால் 2.3 மீட்டர் கிடைக்கும், சரிதான். ஆனால் பனி இறங்கிய சாயங்காலத்தில் அந்த வெளிச்சத்துக்கு எங்கே போவது? எட்டு மீட்டருக்கு, அதாவது இருபத்தாறு அடிக்குப் பின்வாங்குங்கள். அங்கே எஃப் 2.8-லேயே 2.9 மீட்டர் கிடைக்கும். எஃப் 5.6-ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம் மிச்சம். ஐஎஸ்ஓ 3200 வைக்க வேண்டிய இடத்தில் 800 போதும். தேவைக்கு இரண்டு மடங்கு ஆழம் இருப்பதால், பின்னாளில் ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுத்தாலும் தாங்கும். ஃபோகஸை நடுவரிசையில் ஒருவர் கண்ணில் வையுங்கள். இன்னொன்று, எட்டு மீட்டரில்தான் ஒரு வரிசைக்கு ஏழெட்டுப் பேர் அடங்குவார்கள். ஐந்து மீட்டரில் நாலைந்து பேர்தான்.

மூடுபனியில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். அதற்கு வேண்டியது கறுப்பு வெள்ளை வேறுபாடு, பனி அதைத்தான் தின்றுவிடுகிறது. கன்னத்தில் வைக்காமல் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் வையுங்கள். கண்ணும் கிட்டத்தட்ட அதே தூரத்தில் இருப்பதால் பிழைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னணியை முழுக்க மங்கலாக்கினால் ஊரும் போய்விடும். நாற்பது வருஷமாக இந்த மலையில் வாழ்ந்த ஒருவரை ஏரிக்கரையில் உட்கார வைத்து, கிட்டப் போய் எஃப் 1.8-ல் எடுத்தால் பின்னால் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ தெரியும். அது ஏற்காடா, எந்த ஊர்ப் பூங்காவா என்று பேரன் எப்படிக் கண்டுபிடிப்பான்? சற்றுத் தள்ளி நின்று எஃப் 4 வைத்தால், முகமும் தெளிவாக இருக்கும், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் மிளகுக்கொடி ஏறிய மரமாகவே தெரியும்.

பூவுக்கும் இதே கணக்குதான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் நம் மலைக்கு வந்ததாகச் சொல்லப்படும் காப்பி, கோடையின் முதல் நல்ல மழைக்குப் பிறகு சில நாள் மட்டும் பூக்கும். 45 சென்டிமீட்டர் வரை நெருங்கி எஃப் 1.8-ல் எடுத்தால் தெளிவு ஆழம் 5 மில்லிமீட்டர்தான். ஒரு பூவிலேயே பாதி இதழ் மங்கும். எஃப் 8 வைத்தால் 23 மில்லிமீட்டர். காப்பிப் பூ கிளை நெடுகக் கொத்துக் கொத்தாகப் பூப்பது. அதனால் கேமராவின் முதுகு கிளைக்கு இணையாக இருக்கும்படி நில்லுங்கள். கிளை முழுவதும் ஒரே தூரத்துக்கு வந்துவிடும். குறைந்த ஆழமே போதும்.

மறக்காமல் இருக்க மூன்று அளவு சொல்கிறேன். ஒருவர் என்றால் இரண்டு மீட்டர், எஃப் 2.8. மூக்கு நுனியிலிருந்து காது வரை 17 சென்டிமீட்டர் கிடைக்கும். இருவர் என்றால் மூன்று மீட்டர், எஃப் 4, 57 சென்டிமீட்டர். தம்பதியர் முன்பின்னாக உட்கார்ந்தாலும் இருவரும் விழுவார்கள். மூன்று வரிசை என்றால் எட்டு மீட்டர், எஃப் 2.8. எஃப் 1.8-ஐ வெளிச்சம் வேறு வழியே விடாத நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் எழுபது தாண்டிய ஒவ்வொருவரையும், கோடை விழாவுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, சங்கக் கட்டட வராந்தாவில் தனித்தனியாக ஒரு படம் எடுத்து வைத்துவிடலாம். கட்டணம் எதுவும் இல்லை. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு வாருங்கள், ஸ்வெட்டர் போடுபவர்கள் ஸ்வெட்டரோடு வாருங்கள். ஒரு நாற்காலி, இரண்டு மீட்டரில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு, ஆளுக்கு ஐந்து நிமிடம். லென்ஸ் வைத்திருக்கும் இளைஞர்கள் இரண்டு பேர் வந்து உதவினால் போதும். யாருக்கும் எந்த அவசரமும் இல்லாத நாளில் எடுத்த படம்தான் நன்றாக இருக்கும். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுங்கள்.