பகிர்ந்தால் பெருகும் கல்வி

(ஜமாஅத்தின் கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2020-இல் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசியே வகுப்பறையாயிற்று. ஆயினும் நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அதில் பார்த்தனர், கேட்டனர், வந்ததைப் பிறருக்கு அனுப்பினர். பலர் கூடி எழுதவும், ஒருவர் பிழையை மற்றவர் திருத்தவும் பழகவில்லை. அதற்கான கருவிகள் கட்டணமின்றியே கிடைக்கின்றன.

தமிழர் இதற்கு முன்னரே வழிகாட்டியுள்ளனர். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும், மெய்ப்புப் பார்த்தும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை அங்கே எவரும் இலவசமாகப் படிக்கலாம். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன், அமீரகத்தில் பணிபுரிந்துகொண்டே அதில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கினார். 2017-இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைக் கடந்தன. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அதில் எழுதப் பயிற்சி தரப்பட்டது.

வகுப்பில் இதை எவ்வாறு கையாள்வது? கூகுள் டாக்ஸில் ஐந்து மாணவர் ஒரே கட்டுரையைத் தத்தம் இடத்திலிருந்தே எழுதலாம். யார் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்னும் வரலாறு அதில் பதிவாகிறது. ஒருவர் உழைக்க நால்வர் பெயர் வாங்குவது எளிதன்று. விக்கிமூலத்தில் பழைய நூலின் பக்கப் படம் ஒருபுறமும், கணினி படித்துத் தந்த எழுத்து மறுபுறமும் தோன்றும். மாணவர் ஒருவர் ஒப்பிட்டுத் திருத்தினால் பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்தால் பச்சையாகும். ஒற்றுப் பிழையும் லகர, ளகர வேறுபாடும் கற்க இதனினும் நல்ல பயிற்சி ஏது?

நம் மண்ணில் எழுதப் பொருளுக்கா பஞ்சம்? சேலத்து வெள்ளிக் கொலுசு, நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் தொழில், கோழிப்பண்ணைகள் என எத்தனையோ உண்டு. ஆனால் விக்கிப்பீடியாவில் கேள்விப்பட்டதை எழுதினால் நில்லாது; நூலோ நாளிதழோ சான்றாக வேண்டும். சான்று தேடும் இப்பழக்கம், வந்த செய்தியை ஆராயாமல் பரப்பும் நோய்க்கும் மருந்தாகும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. இலவசம் என்பதனாலேயே ஒன்று நிலைக்கும் என நம்பலாகாது. உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018-இல் மூடத் தொடங்கியது. படி எடுத்து வைக்காதவர் உழைப்பு வீணாயிற்று. பிள்ளைகளின் புகைப்படம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பொதுவில் இடாதீர்கள். பிறர் நூலைப் படியெடுத்து ஒட்டுவதும் பகிர்வாகாது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் அது தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடுகிறது. இரவில் திரும்பி வந்தாலும் முதலில் மகன் கைக்கே போகிறது. மகளின் முறை வருவதற்குள் உறக்கம் வந்துவிடுகிறது. மதரஸா கூடத்தில் இரண்டு கணினிகளும் இணைய இணைப்பும் அமைத்து, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். படித்த சகோதரி ஒருவர் மேற்பார்க்கட்டும். கருவி இலவசம், அதை எட்டும் வழியை அமைப்பதே நம் கடமை.