கார்டுக்குள்ளே போகிற பாதை



சித்திரை மாதம், உச்சி வெயில். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், துண்டில் சுற்றிய பொட்டலத்தோடு திண்டுக்கல்லில் எங்கள் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார். பிரித்தால் மோட்டார் ஸ்டார்ட்டர் கார்டு. போனில் கூப்பிட்டால் கிணற்று மோட்டார் ஓடுமே, அந்த மொபைல் ஸ்டார்ட்டருக்குள் இருப்பது. "தம்பி, மூணு பேஸும் சரியாத்தான் வருது. ஆனா ஒரு பேஸ் இல்லேன்னு சொல்லி மோட்டாரை எடுக்கவே விடமாட்டேங்குது. மல்லிச் செடி காய்ஞ்சு கெடக்கு" என்றார்.

கார்டைக் கழற்றிவிட்டு நேரடியாக மோட்டாரைப் போடலாம்தான், சிலர் போடுகிறார்கள். ஆனால் ஓடும்போது ஒரு பேஸ் போய்விட்டால் மிச்சம் இரண்டு பேஸில் கரண்ட் ஏறி, மோட்டார் காயில் கருகிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கார்டே இருக்கிறது.

கார்டு உள்ளங்கை அகலம். பச்சைப் பூச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் செம்புக் கோடுகள். ஒரு கோடு மேல்பக்கம் கொஞ்ச தூரம் ஓடும், ஊசி முனை அளவுத் துளை வழியாக அடிப்பக்கம் இறங்கும், அப்புறம் ரிலே என்கிற சுவிட்சுக்குக் கீழே எங்கேயோ போய் மறையும். அந்தத் துளைக்கு வயா என்று பெயர். நான் தொழில் பழகிய காலத்தில் டிவி போர்டுகளில் ஒரு பக்கம்தான் செம்பு. பின்னால் நூறு வாட் பல்பைப் பிடித்தால் கோடுகள் நிழலாகத் தெரியும், விரலால் தொட்டுக்கொண்டே போய்விடலாம். இப்போதைய போர்டில் இரண்டு பக்க நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிற ஒரு மென்பொருளைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். கீகேட் என்பது மின்சுற்றுப் போர்டு வரைவதற்கான இலவச மென்பொருள். 1992இல் பிரான்சின் கிரெனோபிள் பக்கம் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜான் பியர் ஷரா தொடங்கியது. 2013 முதல் ஜெனிவாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் அதை வளர்க்கக் கைகொடுத்தது. அதோடு சேர்த்துப் போட்டுக்கொள்ள இன்டராக்டிவ் எச்டிஎம்எல் பாம் என்று ஒரு துணைக்கருவி உண்டு, அதுவும் இலவசம். போர்டு முழுவதையும் ஒரே ஒரு வலைப்பக்கக் கோப்பாக மாற்றிக் கொடுத்துவிடும். அந்தக் கோப்பு வாட்ஸ்அப்பில் போகும், நெட் சிக்னல் இல்லாத தோட்டத்திலும் போனில் திறக்கும்.

திறந்து ஒரு கோட்டைத் தொடுங்கள். அந்தக் கோடு, அது இறங்குகிற வயா, மறுபக்கத்துக் கோடு, அது போய்ச் சேருகிற பாகங்களின் கால்கள் எல்லாமே ஒரே நிறத்தில் பளிச்சென்று எரியும். சுற்றியிருப்பதெல்லாம் அப்படியே அடங்கிக் கிடக்கும். ஒன்றோடொன்று இணைந்த இந்தக் கூட்டத்துக்கு நெட் என்று பெயர். வானொலியில் நிறத்தைக் காட்ட முடியாது. இருட்டுக் கட்டிய ஊரில் ஒரு தெருவுக்கு மட்டும் கரண்ட் வந்தால் எப்படித் தெரியுமோ, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். கோப்பை உருவாக்கும்போது கோடுகளையும் நெட்டையும் சேர்க்கும்படி டிக் செய்ய மறக்கக் கூடாது. மறந்தால் பாகங்கள் மட்டும்தான் தெரியும்.

இந்தக் கார்டுக்கு வரைபடம் ஏது என்று கேட்பீர்கள். தயாரித்தவர்களைக் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அதே மாடலில் இடி விழுந்து செத்துப்போன கார்டு ஒன்று கடையில் கிடந்தது. அதிலிருந்த பாகங்கள் அத்தனையும் கழற்றி, தின்னர் போட்டுத் துடைத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்தோம். அந்தப் படத்தைக் கீகேட்டில் பின்னணியாக வைத்து அதன்மேல் கோடு கோடாக வரைந்தோம். எந்தக் காலோடு எந்தக் கால் சேருகிறது என்று ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துச் சரிபார்த்தோம். மூன்று ராத்திரி ஆனது.

அந்த உழைப்பு பெரியவர் வந்த அன்றைக்குப் பலித்தது. கார்டு இல்லையென்று சொன்ன மஞ்சள் பேஸை உணர்கிற பாகத்திலிருந்து புறப்படும் கோட்டைத் தொட்டேன். நேராக ரிலேக்கு அடியில் போய், அங்கே ஒரு வயாவில் இறங்கி, மறுபக்கம் கார்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு காலில் முடிந்தது. அந்த இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். இணைப்பு இருந்தால் வருகிற பீப் சத்தம் வரவில்லை. ரிலேயைத் தூக்கிப் பார்த்தால் வயாவைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி புகுந்து, ஈரமும் சேர்ந்து, செம்பை அரித்துவிட்டது. மயிரிழை போன்ற ஒரு கம்பியை முனைக்கு முனை சாலிடர் செய்தேன். மறுபடி மீட்டரை வைத்தபோது பீப் என்றது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். திரையில் எரிகிற கோடு, இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்லும். அது அறுந்திருக்கிறதா என்று மீட்டர்தான் சொல்லும். அதையும் லைனை முழுக்க நிறுத்திய பிறகே வைக்க வேண்டும். மூன்று பேஸ் என்பது 415 வோல்ட். நான்கடுக்கு, ஆறடுக்கு போர்டுகளில் உள்ளடுக்குக் கோடுகள் போட்டோவுக்கு அகப்படாது, அவற்றுக்குத் தயாரித்தவரின் வரைபடம் இருந்தே ஆக வேண்டும்.

அந்த வரைபடம் பழுதுபார்ப்பவன் கைக்கு வர வேண்டும் என்பதை நான் மனதார நம்புகிறேன். பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் பெட்டிக்குள்ளேயே சர்க்யூட் படம் ஒட்டியிருப்பார்கள். அன்றைக்கு அது யாருக்கும் ரகசியமாக இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. கருவியோடு இந்த வண்ணக் கோப்பையும் தயாரிப்பாளர்கள் தந்தால், எங்கள் மூன்று ராத்திரி வேலை ஒவ்வோர் ஊரிலும் மிச்சமாகும். நல்ல கார்டு குப்பைக்கும் போகாது.

எங்கள் கடையில் வேலை பழகுகிற பையன் இப்போது அடுத்த மாடலை வரைந்துகொண்டிருக்கிறான். ஒவ்வொரு நெட்டுக்கும் தமிழிலேயே பெயர் போடுகிறான்: மஞ்சள் பேஸ், ரிலே காயில், கிணத்துத் தண்ணி சென்சார். போனில் அந்தப் பெயரைத் தொட்டால் கோடு எரிகிறது.