சோளமாவும் தண்ணீரும்: பிள்ளைகளோடு ஒரு சமையலறை விஞ்ஞானம்



இன்றைக்கு நான் கதைக்கப் போவது, எங்கள் பிள்ளைகள் 'ஸ்லைம்' என்று சொல்லிக் கையிலே பிசைந்து விளையாடும் அந்த வழவழப்பான பொருளைப் பற்றி. இது ஒரு பேச்சுக்குரிய விடயமா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்களுக்காகவே இதை எடுத்தேன். ஒன்று, பிள்ளைகளின் உடல்நலம். மற்றது, "எனக்கு டொச் வடிவாக வராது, பிள்ளைக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்க என்னால் ஏலுமா?" என்று ஒதுங்கி நிற்கும் எங்கள் பெற்றோரின் மனநிலை.

முதலில் இந்தப் பொருளின் கதை. அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம் 1976ஆம் ஆண்டில் இதை ஒரு சின்னக் குப்பைவாளி வடிவ டப்பாவில் அடைத்து விற்றது. அதற்குள் இருந்தது குவார் பசை. அது வேறொன்றும் இல்லை, எங்கள் கொத்தவரங்காயின் விதையை அரைத்து எடுக்கும் பசைமா. இன்றும் ஐஸ்கிறீம் பெட்டியில் 'ஈ 412' என்று அச்சிட்டிருந்தால் அது இந்தக் கொத்தவரைப் பசைதான். அந்தப் பசையை இறுக வைப்பதற்குச் சேர்த்தது வெண்காரம், அதாவது போராக்ஸ். ஊரில் பொற்கொல்லர் நகை ஒட்டும்போது பாவிப்பார்களே, அதே வெண்காரம்.

பிறகு வீடுகளில் வெள்ளைப் பசையும் வெண்காரமும் கலந்து செய்யத் தொடங்கினார்கள். வெள்ளைப் பசைக்குள் இருப்பவை மிக நீண்ட மூலக்கூறுகள். இடியப்பத் தட்டை நினைத்துப் பாருங்கள். தனித்தனி இழைகளாக இருக்கும்வரை அவை வழுக்கிக்கொண்டு போகும். அங்கங்கே இரண்டு இழைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டால், இழுக்க இழுக்க எல்லாம் ஒன்றாக வரும். வெண்காரம் செய்வது அந்த முடிச்சு வேலையைத்தான்.

ஆனால் நேயர்களே, இங்கேதான் கவனம் வேண்டும். வெண்காரமும், கரம் போர்ட்டில் தூவுகிற போரிக் பவுடரும் இனப்பெருக்க நலனுக்குக் கேடானவை என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியுள்ளது. 2010ஆம் ஆண்டு இறுதியிலிருந்து இந்த வகைப்படுத்தல் நடைமுறையில் உள்ளது. விளையாட்டுப் பொருட்களுக்கும் 2009ஆம் ஆண்டின் பாதுகாப்பு நெறிமுறை ஒரு அளவு விதித்தது. ஒட்டும் தன்மையுள்ள பொருளில் 1 கிலோவுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போரோன் வெளிவரக் கூடாது. ஆகவே காணொளியில் பார்த்துவிட்டு, வேறு நாட்டிலிருந்து வெண்காரம் கொண்டுவந்து பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள். தற்செயலாகப் பிள்ளை எதையாவது விழுங்கினால், மூனிச் நஞ்சு அவசரத் தொலைபேசி இலக்கம் 089 19240.

அப்படியென்றால் எதைச் செய்வது? சமையலறையில் இருக்கும் சோளமாவே போதும். 2 கோப்பை சோளமா, 1 கோப்பை தண்ணீர். ஒரு பேசினில் போட்டுக் கையாலேயே மெதுவாகக் கலக்குங்கள். விரலை ஆறுதலாக விட்டால் அது பாலைப்போல வழிவிடும். முட்டியால் குத்தினால் கல்லைப்போல இறுகி நிற்கும். உருட்டிப் பிடித்தால் உருண்டை, கையை விரித்தால் ஒழுகி ஓடிவிடும்.

ஏன் அப்படி? மாவின் மணிகள் தண்ணீருக்குள் நெருக்கமாக மிதக்கின்றன. நல்லூர்த் தேரன்று கோயில் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். சனம் ஆறுதலாக நடந்தால் எல்லோரும் வெளியே வரலாம். எல்லோரும் ஒரேயடியாக நெருக்கினால் ஒருவரும் அசைய முடியாது. மா மணிகளும் அப்படித்தான். திடீரென்று அழுத்தும்போது இடையில் உள்ள தண்ணீர் விலக நேரமில்லாமல், மணியோடு மணி முட்டி இறுகிவிடுகிறது. நல்லூர் பார்க்காத எர்லாங்கன் பிள்ளைக்கு, 1755ஆம் ஆண்டு முதல் நடக்கும் எங்கள் பேர்க் திருவிழா நெரிசலைச் சொல்லுங்கள், உடனே விளங்கும்.

அடுத்ததாக, அதே கலவையில் கொஞ்சம் எடுத்து இன்னும் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்து நீங்களே கிண்டிக் காட்டுங்கள். 70 பாகை வெப்பத்தை நெருங்கும்போது மணிகள் ஊதி உடைந்து, கலவை கஞ்சியாகத் தடித்துவிடும். ஆறவிட்டுக் குத்தினாலும் இனிக் கல்லாக இறுகாது. ஒடியற் கூழ் தடிப்பதும் இதே முறையில்தான். கூழ் காய்ச்சத் தெரிந்த அம்மாவுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும், அதற்குப் பெயர் மட்டும்தான் புதிது.

பிள்ளை "தண்ணீரைக் கூட்டினால் என்ன? கோதுமை மாவில் வருமா?" என்று கேட்கும். பதில் தெரிய வேண்டுமென்று இல்லை. "செய்து பார்ப்பம்" என்று சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு கொப்பியில் என்ன போட்டோம், என்ன நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கம் டொச், மறுபக்கம் தமிழ். வழவழப்பு, பிசுபிசுப்பு, தடிப்பு, இறுக்கம், கசிவு என்ற சொற்களெல்லாம் பிள்ளையின் கையோடு சேர்ந்தே வாய்க்கு வந்துவிடும். முடிந்ததும் மாவைத் தண்ணீர்க் குழாயில் ஊற்ற வேண்டாம், அடைத்துவிடும். காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. எங்கள் எர்லாங்கனில் 1789ஆம் ஆண்டு கேயோர்க் சீமோன் ஓம் என்பவர் பிறந்தார். மின்தடையை இன்று உலகம் முழுவதும் அவருடைய பெயராலேயே அளக்கிறார்கள். அவருடைய தந்தை பேராசிரியர் அல்ல, பூட்டுச் செய்யும் தொழிலாளி. பட்டம் எதுவும் பெறாத அந்த மனிதர் தானாகவே படித்து, தன் மக்களுக்கு வீட்டிலேயே கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தார். கேயோர்க்கின் 10ஆவது வயதில் தாய் இறந்தபோதும் அந்தப் படிப்பு நிற்கவில்லை. தம்பி மார்ட்டின் ஓமும் கணித அறிஞரானார்.

உணவகத்திலும் தொழிற்சாலையிலும் நின்று களைத்து வீட்டுக்கு வரும் அப்பாமாரே, அம்மாமாரே, பூட்டுத் தொழிலாளி ஒருவரால் இந்த ஊரில் அது முடிந்தது. சனிக்கிழமை பின்னேரம் அரை மணித்தியாலமும், ஒரு பெட்டி சோளமாவும் போதும். பாடசாலைப் பாடத்தை டொச் மொழியில் விளக்க எங்களால் முடியாமல் போகலாம். ஆனால் பிள்ளையோடு பக்கத்தில் இருந்து "ஏன் இப்படி?" என்று சேர்ந்து கேட்க எங்கள் தாய்மொழி தாராளமாகப் போதும்.

செய்து பாருங்கள். பிள்ளைகள் கண்டுபிடித்ததை அவர்களையே வானொலியில் வந்து சொல்லச் சொல்லுங்கள்.