காவற்படையின் தவணை

(பதுளையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தென் சூடான் என்னும் இளந்தேசத்தில் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் நிறுத்தி வைத்திருக்கும் அமைதிகாப்புப் படையின் தவணையை மேலும் நீட்டிக்கத்தான் வேண்டுமா என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தைப் பற்றிய கூட்டமென்றால் இந்த மண்டபத்தின் வாசல் வரையில் ஜனங்கள் நின்றிருப்பார்கள். நைல் நதிக்கரையிலுள்ள ஒரு நாட்டின் விவகாரத்தை ஊவா மலையிலே விசாரிப்பானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தை நான் குறைகூறவில்லை. ஆயினும், அந்நியப் படையொன்று அமைதியின் பேரால் வந்திறங்கியதையும், நிற்கவேண்டிய வேளையிலே கண்காணிக்க வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனதையும், துப்பாக்கி பிடித்த காவலர் சுற்றி நிற்கையிலேயே காவலில் இருந்தவர்கள் கொலையுண்டதையும் ஒரே தலைமுறையில் கண்டு அனுபவித்த ஜனசமூகம் உலகத்தில் அதிகமில்லை. நாம் அப்படியொரு சமூகம். ஆகவே, நியூயோர்க்கிலே பதினைந்து அங்கத்தவர் கூடிப் பேசும் பாதுகாப்புச் சபைக்குச் சொல்வதற்கு நம்மிடம் ஏதோ இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1987 ஜூலை 29 ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின் பேரில் இந்திய அமைதிப்படை வடக்கிலும் கிழக்கிலும் வந்திறங்கியபோது, யாழ்ப்பாணத்து ஜனங்கள் மாலையிட்டு வரவேற்றார்கள். ஒக்டோபர் 10 ஆம் திகதி அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் யுத்தம் மூண்டது. அதே மாதம் 21 ஆம் திகதி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள்ளே வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளுமாக 60 பேருக்கு மேல் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்களும் இந்நாட்டு மண்ணிலே உயிரிழந்தார்கள். எந்த நோக்கத்துக்காக என்று அவர்களுடைய தாய்மாருக்கு இன்றுவரை எவரும் விளங்கச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் படை எந்தத் திகதியோடு புறப்படும் என்பது உடன்படிக்கையிலே இல்லை. 1988 டிசம்பரில் ஜனாதிபதியாகத் தெரிவான பிரேமதாச, மறு ஆண்டு ஜூலை முடிவுக்குள் வெளியேறும்படி கேட்டார். புதுடில்லி காலம் தாழ்த்தியது. அங்கே ஆட்சி மாறி வி. பி. சிங் பிரதமரான பின்னரே, 1990 மார்ச் 24 ஆம் திகதி, திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் புறப்பட்டது. இருப்பதா போவதா என்று இரண்டு தலைநகரங்களும் கடிதம் எழுதிக்கொண்டனவே அல்லாமல், சாவகச்சேரியிலோ மூதூரிலோ ஒருவரையேனும் கூப்பிட்டு உங்கள் விருப்பம் யாது என்று கேட்டதுண்டா? படை போய் மூன்று மாதங்கூட நிறையவில்லை, ஜூன் மாதத்திலே மறுபடியும் யுத்தம் தொடங்கிவிட்டது.

அப்படை மலையேறி வரவில்லை. ஆனால் அதன் பேரால் எழுந்த வெப்பம் இந்த மாகாணத்தையும் தகித்தது. இந்தியப் பண்டங்களை விற்கவும் வாங்கவும் கூடாதென்று அந்நாளில் ஆயுதமேந்திய ஜே. வி. பி. கட்டளையிட்டது; தோட்டத் தொழிலாளரை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கைக்கருவிகள் என்று அவ்வியக்கம் தன் ஆரம்ப வகுப்புகளிலேயே பாடம் சொல்லி வைத்திருந்தது. திருகோணமலையிலே யாரோ ஒரு பஞ்சாபிச் சிப்பாய் செய்த காரியத்துக்கு, இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத நமுனுகுலை லயத்துக் கிழவி பதில்சொல்ல வேண்டியவளானாள். ஒரு நாட்டுக்குள் இறங்கும் படையின் விளைவு அது நிற்கும் எல்லைக்குள்ளே அடங்கிவிடுவதில்லை என்பதை அந்தக் காலத்து ஊவாவில் இருந்தவர்களிடம் கேட்டறியலாம்.

இனி, விட்டுப் போனவர்களின் கதை. 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் கைச்சாத்தானபோது நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து ஆயுதமில்லாத கண்காணிப்பாளர் வந்தார்கள். மீறல்களை எண்ணி எழுதினார்கள். 2008 ஜனவரியிலே ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டதும் போனார்கள். அவர்களிடம் நாம் அதிகம் எதிர்பார்த்ததுமில்லை. நெஞ்சை விட்டகலாதது அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்துச் சம்பவம். வன்னியில் உத்தியோகஸ்தரின் பாதுகாப்புக்குத் தாங்கள் உத்தரவாதம் தரமுடியாதென்று அரசாங்கம் அறிவித்தவுடன், ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் கிளிநொச்சிக் காரியாலயத்தைப் பூட்டிக்கொண்டு புறப்பட ஆயத்தமாயிற்று, வாசலிலே ஜனங்கள் திரண்டு நின்று, எங்களைத் தனியே விட்டுப் போகாதீர்கள் என்று மன்றாடினார்கள், வாகனங்கள் போய்விட்டன. அங்கே மன்றாடியவர்களும், அடுத்த ஆண்டு மே மாதம் வரை குண்டுமாரியில் நடந்து தேய்ந்தவர்களும் நமக்கு யாரோ எவரோ அல்லர். 1977 வன்செயலுக்குப் பிறகும், இந்தப் பதுளைக் கடைத்தெருவே தீப்பற்றியெரிந்த 1983 ஜூலைக்குப் பிறகும், இனி மலையில் உயிர்தங்காது என்று பயந்து, தட்டுமுட்டுச் சாமான்களோடு வன்னிக்குப் போய்க் காடுவெட்டிக் குடியேறிய நமது அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் அந்த ஜனக்கூட்டத்திலே இருந்தார்கள். 2012 நவம்பரில் அந்த ஸ்தாபனமே நியமித்த உள்விசாரணைக் குழு, சார்ல்ஸ் பெட்ரியின் தலைமையில், தன் கடமையில் ஸ்தாபனம் தவறியது என்று பகிரங்கமாக எழுதிற்று. ஒப்புக்கொண்டார்களே, அந்த மட்டில் நன்று. காலங்கடந்து வந்த ஒப்புதல்.

நிற்பதனால் மட்டும் காவலாகிவிடுமா என்பதற்கு நாம் வெளிநாடு போய் உதாரணம் தேடவேண்டியதில்லை. பண்டாரவளைக்கு அருகேயுள்ள பிந்துனுவெவைப் புனர்வாழ்வு முகாமிலே, 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி காலையில், அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருந்த தமிழ் இளைஞர் 25 பேருக்கு மேல் கத்தியாலும் பொல்லாலும் கொல்லப்பட்டபோது, ஆயுதந்தரித்த பொலிஸார் அங்கே பலர் இருந்தார்கள். ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில், 2005 மே மாதத்துக்குள், எல்லாரும் விடுதலையானார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இந்த மண்டபத்திலே சொல்லத் தேவையுமில்லை.

இந்த மூன்றையும் மனத்திலே வைத்துக்கொண்டு தென் சூடானைப் பாருங்கள். 2011 ஜூலை 9 ஆம் திகதி சுதந்திரம் பெற்ற நாடு அது. அன்றைக்கே அமைதிகாப்புப் பணியும் தொடங்கியது. 2013 டிசம்பரில், ஜனாதிபதி சல்வா கீரின் ஆட்களுக்கும் ரியெக் மச்சாரின் ஆட்களுக்கும் தலைநகர் ஜூபாவிலே மூண்ட சண்டை நாடெங்கும் பரவி, ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ஐ. நா. முகாம்களின் வாசலுக்கு ஓடிவந்தபோது, அந்த வாசல்கள் திறந்தன. கிளிநொச்சியிலே மூடிய வாசலை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். ஒரு காலத்தில் இரண்டு இலட்சம் பேருக்கு மேல் அம்முகாம் வேலிகளுக்குள்ளே உயிர்தரித்திருந்தார்கள். மறு ஆண்டு மே மாதம் பாதுகாப்புச் சபையும் குடிமக்களைக் காப்பதே முதற்கடமை என்று பணியின் உத்தரவைத் திருத்தியெழுதியது. திறந்த வாசலும் எப்பொழுதும் காத்துவிடவில்லை. 2014 ஏப்ரலில் ஜொங்லெய் மாநிலத்தின் பொர் நகரத்திலே முகாமுக்குள் கும்பல் புகுந்து தஞ்சமடைந்திருந்தவர்களைக் கொன்றது, 2016 ஜூலையில் ஜூபாவிலே சண்டை வெடித்தபோது படையினர் தங்கள் இடத்தை விட்டு அசையவில்லை என்று விசாரணை கூறியது, படைத்தலைவர் பதவியிழந்தார்.

அந்நாட்டு மந்திரிமார் சொல்லும் ஆட்சேபம் நமக்கு மிகவும் பழக்கமானது. எங்கள் வீட்டு விவகாரத்தில் அந்நியனுக்கென்ன வேலை, எங்கள் இறைமை என்னாவது என்கிறார்கள். கொழும்பிலே எத்தனை மேடைகளில் கேட்ட குரல்! குடிமக்களைக் காக்கிற அரசாங்கத்தின் வாயில் இறைமை என்ற சொல்லைக் கேட்டால் நான் எழுந்து நின்று மரியாதை செய்வேன். மற்றோர் ஆட்சேபம் இதைக் காட்டிலும் கனமானது: படை நிற்கிற தைரியத்திலே தலைவர்கள் சமாதானத்தை ஒத்திப்போட்டுக்கொண்டே போகிறார்கள் என்பது. உண்மைதான். 2018 இல் சமாதான ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். 2024 டிசம்பரில் நடத்துவதாகச் சொன்ன தேர்தலை 2026 டிசம்பருக்குத் தள்ளினார்கள். 2025 மார்ச்சிலே அப்போது முதல் துணை ஜனாதிபதியாக இருந்த மச்சாரையே வீட்டுக்காவலில் வைத்தார்கள். இவர்களை நம்பியா ஆண்டொன்றுக்கு நூறு கோடி டொலருக்கு மேல் செலவிடுவது என்று பணங்கொடுக்கும் தேசங்கள் கேட்கின்றன. அந்தத் தேசங்கள் கேட்பதோடு நிற்கவில்லை. பணத்தட்டுப்பாட்டினால் உலகெங்குமுள்ள ஒன்பது பணிகளில் நாலில் ஒரு பங்கு படையினரைக் குறைக்க நேர்ந்திருப்பதாக 2025 ஒக்டோபரில் ஐ. நா. அறிவித்தது. தலைவர்கள் பேரிலுள்ள கோபத்தை அகதிப் பெண்ணின் தலையிலே தீர்த்துக்கொள்ளும் இந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

அவசரப்பட்டுப் போனால் என்ன நேரும் என்பதற்குக் கிழக்குத் திமோர் இருக்கிறது. 2002 மே 20 ஆம் திகதி சுதந்திரம் பெற்ற அச்சிறு தேசம், நம் முன்னோர் இந்த மலைகளுக்குத் தேயிலைக்கு முன்னே எந்தப் பயிருக்காக இறக்குமதி செய்யப்பட்டார்களோ, அந்தக் காப்பியையும் விற்றுப் பிழைப்பது. ஆதலால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. 2005 மே மாதத்திலே, காரியம் முடிந்ததென்று படையை விலக்கி, ஒரு சிறு காரியாலயத்தை மட்டும் ஐ. நா. விட்டுவைத்தது. பாரபட்சம் என்று முறையிட்ட சுமார் 600 சிப்பாய்கள் மறு ஆண்டு வேலைநீக்கம் செய்யப்பட, பொலிஸும் படையும் ஒன்றையொன்று சுட்டு, ஒன்றரை இலட்சம் பேர் வீடிழந்தார்கள். உடனே அவ்வாண்டு ஓகஸ்டில் புதிய பணியை நிறுவி, முதல் சில ஆண்டுகள் இந்தியராகிய அதுல் காரே தலைமைதாங்க, தவணை தவணையாக நீட்டித்து, பொலிஸைப் பயிற்றி, 2012 இல் ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் அமைதியாக நடந்தேறிய பிறகே டிசம்பர் 31 ஆம் திகதி பணி முடிவுற்றது. அதற்குப் பிறகு அங்கே காவற்படையை அனுப்ப வேண்டிய அவசியம் நேரவில்லை.

எனவே என் கட்சி வெளிப்படை: தென் சூடானில் தவணை நீடிக்கவேண்டும். ஆனால் கேட்கவேண்டியவர்களைக் கேட்டு நீடிக்கவேண்டும். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமா அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் மலையகத் தமிழராகிய நம்மில் 5,25,000 பேர் இந்தியாவிலே, 3,00,000 பேர் இங்கே, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பங்கிட்டபோது, பிரட்டுக்களத்திலே நின்ற ஒரு தொழிலாளியின் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. கேளாமல் செய்த கணக்கின் மிச்சத்தைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வரையில் நாம் காத்திருக்க நேர்ந்தது. அப்படிக் காத்திருந்தவர்கள், பாதுகாப்புச் சபையைப் பார்த்து, முகாமிலே தண்ணீருக்கும் விறகுக்கும் வேலிக்கு வெளியே போய்வரும் பெண்ணை விசாரித்தீர்களா, அவள் போகச் சொல்கிறாளா இருக்கச் சொல்கிறாளா என்று கேட்பதற்கு உரிமையுடையவர்கள். அவளுடைய விடையை முதலாவது அத்தியாயமாக வைக்காத அறிக்கையின் பேரில் எந்தச் சபையும் கையுயர்த்தக்கூடாது.

ஒரு வார்த்தை நமது அரசாங்கத்துக்கும் உண்டு. பொர் நகரத்திலே 2014 முதல் இலங்கைப் படையின் வைத்தியர்களும் தாதியரும் ஆஸ்பத்திரி நடத்தி வருகிறார்கள். இது நாம் தலைநிமிர்ந்து சொல்லத்தக்க காரியம். அதே இலங்கைப் படையிலிருந்து ஹெய்ட்டி நாட்டுக்குக் காவலுக்குப் போனவர்களுள் 100 பேருக்கு மேல், பெண்களிடமும் சிறுமியரிடமும் இழைத்த பாலியல் குற்றங்களின் பேரில், 2007 நவம்பரில் திருப்பியனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று நாட்டுக்குப் பூரணமாகக் கணக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு ஹெய்ட்டியை மறைப்போமானால் உலகம் நம் பேச்சை மதிக்காது.

தென் சூடான் பணியின் தவணையை 2025 மே 8 ஆம் திகதி நீட்டித்தபொழுது, 2026 ஏப்ரல் 30 வரை என்று கெடு வைத்தார்கள்; மூன்று அங்கத்தவர் கையுயர்த்தவில்லை. இனி வரும் ஒவ்வொரு கெடுவிலும், பணமில்லை என்ற ஒரே முகாந்தரத்தின் பேரில் குடிமக்கள் கைவிடப்படலாகாது என்று இலங்கையின் பிரதிநிதி ஐ. நா. பொதுச்சபையிலே பேசவேண்டும், பொர் நகரத்து ஆஸ்பத்திரியைத் தொடர்ந்து நடத்தவேண்டும், ஹெய்ட்டி விசாரணையின் முடிவுகளைப் பிரசுரிக்கவேண்டும். இம்மூன்றையும் கோரும் தீர்மானம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டுத் தலைவர் அவர்களுடைய மேசையிலே இருக்கிறது. கூட்டம் கலையுமுன் ஒவ்வொருவரும் வந்து அதிலே ஒப்பமிட்டுச் செல்லும்படி, முக்கியமாகத் தாய்மார்கள் முதலில் வந்து ஒப்பமிடும்படி, உங்களைப் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.