சரியையிலும் யோகம் உண்டு

யோகம் என்றவுடன் மூச்சை அடக்கி உடலை வளைத்திருத்தலே நம் நினைவிற்கு வருகின்றது. அங்ஙனமாயின் முதியோரும் பிணியுற்றோரும் வழியற்றவராவரோ?

திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் கூறும் எட்டு உறுப்புக்களுள் ஆதனம் மூன்றாவதே. இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்களே முன்னிற்பன.

மேலும், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கையும் நந்நான்காக வகுத்து 16 என்பர் நம் ஆசிரியர். சரியையில் யோகமாவது, கை தொண்டு செய்ய, நெஞ்சு சிவனைத் தியானித்தல்.

உழவாரம் ஏந்திய அப்பரடிகள் அடைந்த திருவடியும், தோழமை நெறி நின்ற சுந்தரர் அடைந்த திருவடியும் ஒன்றே.

ஆதலின், கால் மடக்கி அமர இயலாதவர் கலங்க வேண்டா. நாளை தேரோடும் வீதியை இன்று பெருக்குங்கால், ஐந்தெழுத்தை நெஞ்சில் இருத்துவோம், அதுவும் யோகமே.

திருச்சிற்றம்பலம்.